இரண்டு வகைப் பெட்டிகள்

நண்பர் இறந்து இரண்டு மாதம் கழித்து அவர் மனைவி தொலைபேசியில் கூப்பிட்டார். “உங்க ரயிலையெல்லாம் துடைச்சு அடுக்கி வெச்சிருக்கேன். ஒருநாள் வந்து பாத்துட்டு, என்ன பண்றதுன்னு சொல்லுங்க” என்றார். அந்தப் பொம்மை ரயில்கள் என்னுடையவை அல்ல, அவர் கணவருடையவை. ஆனால் முப்பது வருடமாக நாங்கள் இருவரும் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதால், அந்த வீட்டில் அவை எங்கள் கூட்டுக் குற்றமாகவே பதிவாகியிருந்தன.

போனேன். அந்த அறையை அவ்வளவு சுத்தமாக நான் பார்த்ததே இல்லை. எஞ்சின்கள் ஒரு மேசையில், பயணிகள் பெட்டிகள் இன்னொன்றில், சரக்குப் பெட்டிகள் தரையில் விரித்த துணியில். எல்லாம் நிறவாரியாக. பச்சையோடு பச்சை, சிவப்போடு சிவப்பு. எந்தக் கம்பெனி, எந்த அளவு, எந்த வருடம் என்பதெல்லாம் கலந்துபோயிருந்தது. ஆனால் பார்க்க அழகாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. “அட்டைப்பெட்டியெல்லாம்…” என்று இழுத்தேன்.

“அதையேன் கேக்கறீங்க. எல்லாம் கிழிஞ்சு, மஞ்சளாகி, ஒரே தூசி. போன வாரம்தான் பழைய பேப்பரோட சேத்துப் போட்டேன். நாலு மூட்டை!” என்றார், பெரிய வேலை ஒன்றை முடித்த நிம்மதியோடு.

“நல்ல காரியம் பண்ணினீங்க” என்றேன். வேறு என்ன சொல்ல?

தமிழில் ரயில் பெட்டியும் பெட்டிதான், அது கடையிலிருந்து வந்த அட்டைப்பெட்டியும் பெட்டிதான். எங்களைப் போல் பழைய மாடல் ரயில் சேர்ப்பவர்கள் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மரியாதை கொடுப்பதால், மொழி எங்களுக்கு ஏற்றபடிதான் அமைந்திருக்கிறது. சில நேரம் சக்கரம் உள்ள பெட்டியைவிடச் சக்கரம் இல்லாத பெட்டிக்கு மதிப்பு அதிகம். ஏராளமாகச் செய்து விற்ற ஒரு சாதாரண சரக்கு வண்டி தேடினால் எங்கும் கிடைக்கும். அது வந்த அட்டை, மூடியின் நாலு மூலையும் பிய்யாமல், பக்கவாட்டுச் சீட்டு கிழியாமல் கிடைப்பது அரிது. வீட்டில் இருப்பவர்களுக்குத் தகரம் பொம்மை, அட்டை குப்பை. பரிசைப் பிரிக்கும் அவசரத்தில் எந்தக் குழந்தை மூடியைப் பத்திரப்படுத்தும்?

ஆனால் அன்று எனக்கு வலித்தது விலைக்காக அல்ல. என் நண்பருக்கு நோட்டுப்புத்தகம் வைத்துக்கொள்ளும் பழக்கம் கிடையாது. எதை எங்கே யாரிடம் வாங்கினார், உள்ளே எந்தப் பாகத்தை மாற்றினார், எந்தப் புகைபோக்கி ஒரிஜினல், எது பிறகு ஒட்டியது என்பதையெல்லாம் அட்டை மூடியின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதிவைப்பார். சிறிய, சாய்ந்த எழுத்து. முப்பது வருடத்து விவரம் அந்த நாலு மூட்டைக்குள் போயிருந்தது. அவர் மனைவி மேல் எந்தத் தப்பும் இல்லை. மூடியைத் திருப்பிப் பார் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நண்பர் சொல்லவில்லை. நானும்தான்.

வீட்டுக்கு வந்து என் அலமாரிகளைப் பார்த்தேன். என் மனைவிக்கும் மகளுக்கும் நான் என்ன சொல்லியிருக்கிறேன்? “தொடாதே.” அவ்வளவுதான்.

இந்தப் பைத்தியத்தை யார் தொடங்கிவைத்தது என்று தேடிப்போனால், பொம்மை வீட்டுச் சமையல் பாத்திரத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஜெர்மனியின் கோப்பிங்கன் ஊரில் 1859-இல் தொடங்கிய மார்க்லின் நிறுவனம் முதலில் செய்தது பொம்மை வீட்டுக்கான தகரச் சாமான்கள். பொம்மை வீட்டில் ஒரு வியாபார சூட்சுமம் உண்டு: அது ஒருபோதும் நிறைவடையாது. இன்று அடுப்பு, நாளை குடம், அடுத்த பிறந்தநாளுக்கு ஒரு நாற்காலி. 1891-இல் லைப்சிக் கண்காட்சிக்கு மார்க்லின்காரர்கள் சாவி கொடுத்தால் எட்டு வடிவத் தண்டவாளத்தில் ஓடும் ரயிலைக் கொண்டுவந்தார்கள். அதோடு, தண்டவாள அகலங்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் கொடுத்து நிலைப்படுத்தினார்கள். ரயில் பொம்மை அதற்கு முன்பும் இருந்தது. ஆனால் போன வருடம் வாங்கிய தண்டவாளத்தோடு இந்த வருடம் வாங்கியது பொருந்தும் என்ற உறுதி அப்போதுதான் வந்தது. பொருந்தும் என்றால் இன்னும் கொஞ்சம் வாங்கலாம். நாங்கள் எல்லோரும் இன்றுவரை அந்த ‘இன்னும் கொஞ்ச’த்தில்தான் இருக்கிறோம்.

அமெரிக்காவில் கதை இன்னும் வேடிக்கை. ஜோஷுவா லயனல் கோவன் 1900-இல் நியூயார்க்கில் நிறுவனம் தொடங்கினார். அவர் செய்த முதல் வண்டி விற்பனைக்கான பொம்மையே அல்ல. கடையின் கண்ணாடி ஜன்னலுக்குள் சரக்கை ஏற்றிக்கொண்டு சுற்றிவர, மின்சாரத்தில் ஓடும் ஒரு திறந்த வண்டி. ஜன்னலில் நின்று பார்த்தவர்கள் உள்ளே வந்து சரக்கை விட்டுவிட்டு வண்டியை விலை கேட்டார்களாம். லயனல் என்ற பெயர் அங்கிருந்து வளர்ந்தது.

இங்கிலாந்தில் லிவர்பூல்காரர் பிராங்க் ஹார்ன்பி, மெக்கானோ என்ற திருகாணிப் பொம்மைக்கு 1901-இல் காப்புரிமை பெற்றவர், 1920-இல் சாவி கொடுத்து ஓடும் ரயிலை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் அந்தச் சந்தையில் ஜெர்மன் பொம்மைகள் நிறைந்திருந்தன. முதல் உலகப் போர் அவற்றுக்குக் கதவைச் சாத்தியிருந்தது. ஹார்ன்பியின் ஆரம்பகால எஞ்சின்களை எனக்குப் பிடிக்கும். மெக்கானோ மாதிரியே நட்டும் போல்ட்டும் போட்டு முடுக்கியவை. கழற்றலாம், துடைக்கலாம், மறுபடி பூட்டலாம். செய்தவரே ‘பிரித்துப் பார்’ என்று அனுமதி கொடுத்த மாதிரி இருக்கும்.

என் முதல் எஞ்சின் யாரோ வேண்டாம் என்று கொடுத்தது. ஓ கேஜ், அதாவது தண்டவாளத்தின் இரு கம்பிகளுக்கு நடுவே 32 மில்லிமீட்டர். சாவி இல்லை. குறடு வைத்து ஸ்பிரிங்கைத் திருகி, விட்டால் நேராகச் சுவரில் போய் முட்டும். பல வருடம் கழித்துச் சரியான சாவி ஒன்று கிடைத்தது. ஆனால் குறடின் பல் பதிந்து தண்டின் முனை மழுங்கியிருந்ததால் சாவி அதில் உட்காரவில்லை. சேகரிப்பு என்பதே பெரும்பாலும் இப்படிப்பட்ட காரியம்தான்.

சரி, அப்புறம் ஒன்று இரண்டாகி, ஓ கேஜ் போதாமல் அதில் ஏறக்குறைய பாதி அகலமுள்ள 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்துக்கும் தாவினேன். 1935-இல் மார்க்லினும் ட்ரிக்ஸும் மேசைமேல் வைத்து ஓட்டும் சின்ன ரயில்களைக் கொண்டுவந்தன. 1938-இல் ஹார்ன்பி நிறுவனத்தின் டப்லோ என்ற சின்ன ரயில் வந்தது. பெரிய வீடு இல்லாதவர்களுக்கு என்று செய்த அளவு அது. எனக்கு அது வேறு விதமாகப் பயன்பட்டது: அதே அலமாரியில் இரண்டு மடங்கு ஒளித்துவைக்கலாம்.

சேகரிப்பவர்களுக்கென்று ஒரு தர வரிசை உண்டு. அமெரிக்காவில் 1954-இல் தொடங்கிய ரயில் சேகரிப்பாளர் சங்கம் வகுத்த அளவுகோலில் சி-1 அடிமட்டம், சி-10 உச்சம். அந்தப் பத்தாம் தரத்துக்கு ஒரு பொம்மை புதிதாக, கீறலின்றி இருந்தால் மட்டும் போதாது. பயன்படுத்தப்படாததாகவும் இருக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள். குழந்தை விளையாடுவதற்காகச் செய்த பொருள் எந்தக் குழந்தையும் விளையாடாமல் இருந்தால் முதல் பரிசு.

1957-இல் லயனல் நிறுவனம் பெண் குழந்தைகளுக்கென்று ஒரு ரயில் செட் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எஞ்சின் இளஞ்சிவப்பு, பின்னால் வெளிர் மஞ்சள், வெளிர் நீலம் என்று மிட்டாய் நிறத்தில் வண்டிகள். யாரும் வாங்கவில்லை. ரயில் கேட்ட பெண் குழந்தைக்கு அண்ணன் வைத்திருப்பதுபோல் கறுப்பு எஞ்சின்தான் வேண்டியிருந்தது என்று பின்னால் சொல்வார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது. கடைகளில் தேங்கிக் கிடந்த அந்த செட்தான் இன்று லயனல் சேகரிப்பவர்கள் தேடி அலையும் பொருள். இளஞ்சிவப்பு எஞ்சினின் உடல் வடிவம் சாதாரணக் கறுப்பு எஞ்சினுடையதேதான் என்பதால், கறுப்புக்குப் பெயிண்ட் அடித்து ஏமாற்றுகிறவர்களும் உண்டு. ஒருவரும் விரும்பாததால் அரிதாகி, அரிதானதால் எல்லோரும் விரும்பி, விரும்பியதால் போலியும் வந்துவிட்டது.

எதை வைத்துக்கொள்வது, எதை அனுப்புவது என்று நான் உட்கார்ந்து பிரித்துப் பட்டியல் எழுதத் தொடங்கியபோது, எனக்காக முடிவெடுத்து வைத்திருந்த ஓர் எஞ்சின் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் செய்தது. அடி அலமாரியில், துணியில் சுற்றி, நான் மிகவும் மதித்துவைத்திருந்தது. பிரித்தால் அடிச்சட்டம் வில் மாதிரி வளைந்திருந்தது. விரலால் தொட்டேன், ஒரு சக்கரத்தின் விளிம்பு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

இதைத் துத்தநாகப் பிளேக் என்பார்கள். துத்தநாகக் கலவையை உருக்கி, அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி, சக்கரமும் சட்டமும் வார்ப்பது அந்தக் காலத்தில் புதிதாகப் பரவிய முறை. தகரத்தை வெட்டி மடிப்பதைவிட நுணுக்கமாக வரும். ஆனால் கலவையில் ஈயமோ வெள்ளீயமோ மிகச் சிறிதளவு கலந்துவிட்டாலும், உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய மணிகளின் ஓரங்கள் வழியாக அரிப்பு பரவுகிறது. முதலில் வார்ப்பு உப்பும். அப்புறம் மேலெல்லாம் சிலந்திவலை மாதிரி விரிசல். கடைசியில் கையோடு வந்துவிடும். வெப்பமும் ஈரமும் அதை வேகப்படுத்தும். 1929-இல் நியூ ஜெர்ஸி துத்தநாக நிறுவனம் 99.99 சதவீதம் சுத்தமான துத்தநாகத்தில் ஜமாக் என்ற கலவைகளை உருவாக்கியதே இந்தத் தொல்லையை ஒழிக்கத்தான். வழி தெரிந்த பிறகும், ஆலைகளில் கிடைத்த பழைய உலோகத்தையும் சேர்த்து உருக்கிக்கொண்டிருந்த காலம் முழுக்க நோய் ஓயவில்லை.

பிளேக் என்ற பெயரைப் பார்த்து, பக்கத்து எஞ்சினுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுவார்கள். ஒட்டாது. ஒவ்வொரு வார்ப்பும் தன் விதியை ஊற்றிய அன்றே கூட்டிக்கொண்டு வருகிறது. தலையெழுத்து என்ற சொல்லை நான் நம்புகிற ஒரே இடம் இது. ஒரே தொழிற்சாலையில், அடுத்தடுத்து வார்த்த இரண்டு சக்கரங்களில் ஒன்று பளபளப்பாகவும் மற்றது பொடியாகவும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். உலர்ந்த, சூடு ஏறி இறங்காத இடத்தில் வைத்தால் கொஞ்சம் தாமதப்படுத்தலாம். குணப்படுத்த முடியாது. சக்கரத்துக்கு மட்டும் என்றால், புதிதாக வார்த்த மாற்றுச் சக்கரம் கிடைக்கும், போட்டு ஓட்டலாம். சட்டமே போனால் போனதுதான்.

அந்த எஞ்சினை நான் பதினெட்டு வருடம் ஓட்டாமல் வைத்திருந்தேன். ஓட்டினால் தேயும் என்று.

அதன் பிறகு ஒரு மாதம் பட்டியலை மறந்துவிட்டு எல்லாவற்றையும் எடுத்து ஓட்டினேன். பழைய எஞ்சினை உடனே மின்சாரத்தில் வைத்துவிடக் கூடாது. வருடக்கணக்காகக் கிடந்த எண்ணெய் கெட்டியாகிப் பிசின் மாதிரி பற்சக்கரங்களைப் பிடித்திருக்கும். அதைக் கரைத்துத் துடைத்து, கார்பன் பிரஷ்களை வெளியே எடுத்து, அவை உரசும் செம்பு வளையத்தின் கறுப்பைச் சுரண்டி, ஒரே ஒரு சொட்டுப் புது எண்ணெய். எண்ணெய் விஷயத்தில் தாராளம் கூடாது. தாராளத்தால் எரிந்த மோட்டார்கள் அதிகம். நிரந்தரக் காந்தம் உள்ள மோட்டார் என்றால் காந்தம் சோர்ந்திருக்கலாம். எஞ்சின் சூடாகும், மின்சாரத்தைக் குடிக்கும், நகராது. காந்தத்துக்கு மறுபடி வலு ஏற்றிவிட்டால் பழைய வேகம் வந்துவிடும்.

பழைய டிரான்ஸ்ஃபார்மர்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன்: அவற்றை அழகுக்கு வையுங்கள், சுவரில் சொருகாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் உறை காய்ந்து உதிர்ந்திருக்கும். இந்தப் பொழுதுபோக்கின் ஆரம்ப காலத்தில், வீட்டு மின்சாரத்தையே ஒரு பல்பு வழியாகக் குறைத்துத் தண்டவாளத்துக்கு விட்ட செட்களும் விற்றிருக்கிறார்கள். குழந்தைகள் பிழைத்தது ஆச்சரியம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாயில் வைக்கும் வயதுக் குழந்தை கையில் அவற்றைக் கொடுக்காதீர்கள்.

ஓட்டிப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. எனக்கு எல்லாவற்றின் மேலும் ஒரே அளவு பிரியம் இல்லை. சிலவற்றை நான் வாங்கியதே வரிசையில் ஒரு எண் விடுபட்டிருந்ததால்தான். நாற்பதுக்கும் மேற்பட்ட வண்டிகளைக் கையில் எடுத்தபோது, வாங்கிய அன்றைய மகிழ்ச்சிகூட நினைவுக்கு வரவில்லை.

மகளிடம் பேசினேன். கொஞ்சம் நாடகத்தனமாக, “இதெல்லாம் ஒருநாள் உனக்குத்தான்” என்று ஆரம்பித்தேன். அவள் முகத்தில் வந்த பீதியை மறைக்க அவள் பட்ட பாடு இருக்கிறதே. “அப்பா, எனக்கு இருக்கறது ரெண்டு ரூம்” என்றாள். உண்மைதான். நான் ஆசையாகச் சேர்த்ததை அவள் தலையில் கட்டுவதற்குப் பரம்பரைச் சொத்து என்று பெயர் வைக்கப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்: “அந்த அழிரப்பர் வண்டி இருக்கா?”

எனக்கே மறந்துபோயிருந்தது. ஒரு சின்னத் திறந்த சரக்கு வண்டி, ஓ கேஜ், தகரம். அவள் ஆறு வயதில் என் அறைக்கு வரும்போது தொட அனுமதி இருந்த ஒரே வண்டி அதுதான், ஏனென்றால் அது ஏற்கனவே அடிபட்டு வந்தது. அதில் தன் அழிரப்பர்களை ஏற்றி மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளிக்கொண்டிருப்பாள். பெயிண்ட் பாதி போய்விட்டது, ஒரு கொக்கி இல்லை. அந்த அளவுகோலில் சி-3 கொடுத்தால் அதிகம். “அது மட்டும் போதும்” என்றாள்.

மற்றவற்றுக்கு வழி தேட வேண்டும். முதலில் தோன்றியது அருங்காட்சியகம். பிரைட்டன் ரயில் நிலையத்துக்கு அடியில் 1991 முதல் இருக்கும் பொம்மை அருங்காட்சியகம், பென்சில்வேனியாவின் ஸ்ட்ராஸ்பர்க்கில் 1977 முதல் இருக்கும் பொம்மை ரயில் அருங்காட்சியகம் போன்றவற்றின் படங்களைப் பார்த்துவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் என் பெயர் எழுதிய ஒரு சின்னச் சீட்டை நானும் கற்பனை செய்ததுண்டு. ஓர் அருங்காட்சியகத்துக்கு என் பட்டியலை அனுப்பினேன். பெயர் வேண்டாம், மரியாதையாகத்தான் பதில் எழுதினார்கள். நீங்கள் குறிப்பிட்டவை ஏறக்குறைய அனைத்தும் எங்களிடம் இரண்டு மூன்று படி உள்ளன. எடுத்துக்கொண்டாலும் கிடங்கில்தான் இருக்கும். பிற்பாடு எங்களுக்குத் தேவையில்லை என்றால் விற்கும் உரிமையும் எங்களுக்கு வேண்டும். கடைசி வரியில் மட்டும் ஓர் ஆர்வம்: பழைய கடை விலைப்பட்டியல்கள், உதிரிபாகத் துண்டுத்தாள்கள் ஏதாவது வைத்திருக்கிறீர்களா? காகிதம்தான் எங்களுக்குக் கிடைப்பதில்லை.

நாலு மூட்டை ஞாபகம் வந்தது.

தொகுப்பு முழுவதும் சேர்ந்தே ஓரிடம் போவது நடக்காத காரியம் அல்ல. ஜெர்னி தொகுப்பு என்று ஒன்று உண்டு. ஒரு தம்பதி பல பத்தாண்டுகள் சேர்த்த பழைய ஐரோப்பியப் பொம்மை ரயில்களும் தகர ரயில் நிலையங்களும். அதை நியூயார்க் வரலாற்றுச் சங்கம் தன் வசமாக்கி, விடுமுறைக் காலத்தில் மக்கள் பார்க்க வைத்ததுண்டு. ஆனால் அது ரயில் நிலையங்களே ஊர்வலம் போகும் அளவுக்கான தொகுப்பு. என் அலமாரிகள் எங்கே, அது எங்கே.

எனக்கு அதிகம் கைகொடுத்தது டிஸ்னியின் அனிமேட்டர் வார்டு கிம்பலின் கதை. மனிதர் வீட்டுத் தோட்டத்தில் நிஜ ரயிலையே ஓட்டியவர். முழு அளவு நீராவி எஞ்சின்கள், தண்டவாளம், எல்லாம். கூடவே பெயர்பெற்ற பொம்மை ரயில் தொகுப்பும் வைத்திருந்தார். நிஜ எஞ்சின்களைத் தான் உயிரோடு இருக்கும்போதே கலிபோர்னியாவின் பெர்ரிஸில் உள்ள ரயில்வே அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். பொம்மைகள், அவர் 2002-இல் இறந்த பிறகு ஏலத்துக்குப் போய், ஆளுக்கு ஒன்றாகக் கலைந்தன. முதலில் படித்தபோது பொம்மைகள் கலைந்தது எனக்குச் சோகமாகப் பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை. இருபது டன் எஞ்சினை ஒருவர் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது; அதற்கு ஒரு நிறுவனம் தேவை. கையடக்க எஞ்சினுக்குத் தேவை ஒரு கை.

அதனால் நான் செய்தது இது. விளையாடப்படாத, அட்டையோடு இருக்கும் நல்லவற்றை ஏலத்துக்கு ஒதுக்கினேன். அவற்றின் அருமை தெரிந்தவர்கள் என்னைப் போன்ற ஆட்கள்தான், அவர்களிடமே போகட்டும். தள்ளிப்போடுவதிலும் லாபம் இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் சிறுவயதில் கடைக் கண்ணாடி வழியே பார்த்து ஏங்கியதைத்தான் பிற்பாடு வாங்குகிறது. போருக்கு முந்தைய தகர ரயிலைப் பார்த்து ஏங்கியவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை.

ஏலக்காரர் என்னுடைய விவரப் பட்டியலைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் மூன்று பக்கம் எழுதியிருந்த சரக்கு வண்டிகளை ஒரே தொகுதியாக்கி, முதல் இரண்டின் பெயரைப் போட்டு, ‘மற்றும் பிற’ என்று முடித்துவிட்டார். ஒரு வாரம் அந்த இரண்டு சொல்லோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் ஆறிப்போயிற்று.

ஓடக்கூடிய, அடிபட்ட டப்லோ எஞ்சின்களும் மூன்று கம்பித் தண்டவாளமும் ஒரு பெண்ணிடம் போயின. மோட்டார் சுற்றுவது அவர் தொழில், வயது முப்பதுக்குள். எந்த எஞ்சின் எந்த வருடம் என்று கேட்டால் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசை இல்லை. ஆனால் ஓடும் சத்தத்தைக் கேட்டே “இடது பிரஷ் தேஞ்சிருக்கு சார்” என்பார். நான் பயபக்தியோடு மெல்ல ஓட்டியவற்றை அவர் முழு வேகத்தில் விடுகிறார். முதல் தடவை பார்த்தபோது கண்ணை மூடிக்கொண்டேன்.

பட்டியலை மட்டும் விடாமல் எழுதி முடித்தேன். ஒவ்வொரு வண்டியின் அடியிலும் நூலில் கட்டிய ஒரு சிறு எண். ஒட்டும் டேப் பக்கமே போகவில்லை, அது பெயிண்டைத் தின்னும். ரப்பர் பேண்டும் அப்படியே. பஞ்சு நுரை அடைத்து அனுப்பப்பட்ட ஓர் எஞ்சின், வருடங்கள் கழித்து நுரை பிசுபிசுத்து உருகி மேலெல்லாம் அப்பிக்கொண்டு கிடந்ததையும் பார்த்தவன் நான். நோட்டில் வாங்கிய கதை, மாற்றிய பாகம், பிற்பாடு அடித்த பெயிண்ட் எல்லாம் இருக்கிறது. ஒரு பெட்டிக்குப் புதுக்கூரை போட்டதை எழுதும்போது கை தயங்கியது. எழுதாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, விலையும் குறையாது. எழுதினேன். நோட்டு எங்கே இருக்கிறது என்று மனைவியிடமும் மகளிடமும் காட்டினேன். “பழைய பேப்பரோட போட்டுடாதீங்க” என்றேன். இரண்டு பேரும் முறைத்தார்கள்.

பொடியான எஞ்சினைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. தகர உடலும் மோட்டாரும் நன்றாகத்தான் இருந்தன. அவற்றை உதிரிக்குக் கொடுத்துவிட்டேன். சட்டத்தின் தூள் மட்டும் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் இருக்கிறது. வருகிறவர்கள் அது என்னவென்று கேட்கிறார்கள். சொன்னால் பேச்சு நின்றுவிடுகிறது.

அலமாரி ஐந்தில் மூன்று காலி. மனைவிக்கு நம்பவே முடியவில்லை. அங்கே புத்தகம் வைக்கலாம் என்று அளவெடுத்துக்கொண்டிருந்த நாளில்தான் எனக்கு ஒரு பார்சல் வந்தது. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு விற்பனைப் பட்டியலைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தேன். சும்மாதான். அதில் ஓர் அட்டைப்பெட்டி. சிவப்பு, ஒரு மூலை மட்டும் லேசாக நைந்தது, பக்கவாட்டுச் சீட்டில் சரியான எண். அழிரப்பர் வண்டி வந்த மாதிரியான அட்டை. அந்த வண்டியின் மதிப்பைப்போல் நாலு மடங்கு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

மகள் பார்சலைப் பிரித்தாள். மூடியைத் திறந்தாள், தலைகீழாகக் கவிழ்த்தாள், உள்ளே கைவிட்டுப் பார்த்தாள்.

“ஒண்ணுமே இல்லையேப்பா.”

“இல்லைதான்.”

மனைவி கையிலிருந்த அளவு நாடாவைச் சுருட்டினாள். “இதையும் நோட்டுல எழுதியாச்சா?” என்றாள்.

முதலில் மூடியைத் திருப்பி, உள்பக்கத்தில் பென்சிலால் மகளின் பெயரையும் தேதியையும் எழுதினேன். அப்புறம் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்: பெட்டி, 1. பெட்டி, 1.